வேண்டுமென்றே மறந்த சொற்கள்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

எங்கள் ஊர் ரக்பி லீக் சங்கம் பழைய ஆட்டக்காரர்களுக்குப் போன பிப்ரவரியில் ஒரு விருந்து வைத்தது. இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பமும் மசித்த பட்டாணியும் தின்று முடித்த பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"டீன் ஆக்ராய்ட்! பத்தொன்பது வருஷம் நம்ம சட்டையப் போட்டு ஆடினவன். தலைய நீட்டிக்கிட்டுத்தான் ஓடுவான். உள்ள ஒண்ணும் இல்லாததால அவனுக்குப் பயமே கிடையாது!"

கூடம் மொத்தமும் சிரித்தது. டீனும் சிரித்தான், மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக. அவன் பக்கத்தில் மனைவி ஜானீன் இருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் நான். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

[கோபமாக இருக்கும்போது எழுதாதே என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு அன்றைக்குக் கோபம் வந்திருக்காது.]

உள்ளே போகுமுன் வாசகருக்கு ஒரு வேலை. ஐந்து சொற்கள் தருகிறேன்: கதவு, எலுமிச்சை, தொப்பி, பாலம், நாய். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்பேன். நடுவில் திரும்பி வந்து பார்த்தால் எனக்குத் தெரியாதுதான். ஆனாலும் பார்க்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மேற்கு யார்க்‌ஷயரின் குன்றுகள்மீது மழை மெல்ல—"

வேண்டாம். இந்த ஊரில் மழை ஒரு செய்தியே இல்லை.

இரண்டாம் முயற்சி: "சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த டீன்—"

பொய். அவன் அப்பா தரைவிரிப்புக் கடையில் வேலை பார்த்தவர். வட இங்கிலாந்தின் ரக்பிக்காரனைச் சுரங்கத்திலிருந்துதான் தோண்டி எடுக்க வேண்டும் என்று எழுத்தாளர்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, நேராகவே சொல்கிறேன். டீன் என் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் வாசுகி, கடைத்தெருவில் மருந்துக்கடையில் வேலை. இந்தத் தெருவுக்கு வாஸ். நான் குடிவந்த வருடம் அவன் ஒல்லிப் பையன். கண்ணெதிரே கழுத்து காணாமல் போய், காது இரண்டும் நசுங்கி, முன்வரிசைக்காரன் ஆனான்.

அந்தத் தொழில் இதுதான்: பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே நிற்கும் மூன்று தடியர்களை நோக்கி நேராக ஓட வேண்டும். விலகக் கூடாது. அவர்கள் சாய்த்ததும் எழுந்து, பந்தைக் காலால் பின்னால் தள்ளிவிட்டு, திரும்பவும் அதையே செய்ய வேண்டும். கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துக் கையைத் தூக்குகிறவர்கள் வேறு ஆட்கள். வேகமானவர்கள், தலைவாரிக்கொண்டு வருகிறவர்கள். டீன் எடுத்த புள்ளிகளை நினைவு வைத்திருப்பவள் ஜானீன் மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைவர் அதைச் சொல்லவில்லை. எங்கள் தெருமுனை பப்பில் டார்ட்ஸ் ஆட்டத்துக்கு டீன்தான் கணக்கு. ஒவ்வொரு எறிக்கும் கிடைக்கும் புள்ளியை ஐந்நூற்றொன்றிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். எறிந்தவன் பலகையிலிருந்து அம்பைப் பிடுங்குவதற்குள் டீன் மீதியைச் சொல்லிவிடுவான். அந்தத் தலைக்குள்தான் ஒன்றும் இல்லையாம்.

3

[அடுத்து வரும் காட்சியில் நான் இல்லை. உடைமாற்றும் அறைக்குள் என்னை யார் விடுவார்கள்? டீன் நன்றாக இருந்த நாட்களில் கொல்லைச் சுவரில் சாய்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே சொன்னது.]

பருவம் தொடங்குமுன் சங்கத்து டாக்டர் ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் சோதித்துப் பதிந்து வைப்பார். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனை மறுபடி. முதலில் எடுத்ததைவிடக் குறைந்தால் குணமாகும்வரை ஆடக் கூடாது. நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். அதைக் கவிழ்க்க நம் பிள்ளைகளுக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது.

டீனுக்குப் பக்கத்தில் நின்று ஆடிய ரஸ் அவனிடம் கேட்டான்:

"அஞ்சு வார்த்தை சொல்லித் திருப்பிக் கேப்பாங்க. எத்தனை சொல்லப் போற?"

"அஞ்சும்தான். ஞாபகம் இருக்குமே."

"போடா மக்கு! இப்ப அஞ்சு சொன்னேன்னு வை, ஏப்ரல்ல மண்டையில வாங்கிட்டு மூணுதான் சொல்லுவ. உடனே உக்கார வச்சிடுவாங்க. அதனால இப்பவே மூணு சொல்லு. அப்புறம் எவன் இடிச்சாலும் நீ பழைய டீன்தான்."

"டாக்டர் கண்டுபிடிச்சிட்டா?"

"நம்ம மூஞ்சிகளப் பாத்துட்டா? இதுங்களுக்கு மூணு வந்ததே பெருசுன்னு நெனச்சுப்பாரு."

அறையே சிரித்ததாம். டீன் மூன்று சொன்னான். அடுத்த வருடமும் மூன்று, அதற்கடுத்த வருடமும் மூன்று. முழங்காலில் கட்டுப் போட்டுக்கொள்வதுபோல அதுவும் ஒரு தயாரிப்பு அவர்களுக்கு. உட்கார்ந்தவனின் சட்டையை அடுத்த வாரம் இன்னொருவன் போட்டுக்கொள்வான், திருப்பித் தர மாட்டான்.

"டீன் அன்றைக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால்—"

இந்த வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் விட்டுவிட்டேன். முடித்தால் குற்றம் அவன் தலையில் விழும். வாசகர் ஒருவர் இப்போதே முணுமுணுக்கிறார்: "அவனாச் செஞ்சதுதானே?" ஆமாம் ஐயா, அவனாகச் செய்ததுதான். உண்மை பேசுகிறவன் ஓரமாக உட்கார வேண்டும் என்று ஆட்டத்தை அமைத்தது யார்? ஒரு பட்டாளமே வருடாவருடம் தன்னை முட்டாளாகக் காட்டிக்கொள்கிறது. டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை, பயிற்சியாளர் கூரையைப் பார்த்தார், தலைவர் சீசன் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார். அவர்களிடமும் போய் முணுமுணுங்கள்.

4

டீனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. கெட்டிலை ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறான். பப்பில் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டான். நிறுத்தியதை மறந்து, எழுந்து போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறான். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஒரு நாகரிகம் பப்பில் இருக்கிறது, சங்கத்தில் இல்லை.

ஜானீன் சங்கத்திடம் பணம் கேட்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் கேட்டாள்: இது ஆட்டத்தால் வந்தது என்று சொல்லுங்கள். இப்போதைய டாக்டர் கணினியைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாராம். அன்று மாலை அவள் என் சமையலறையில் நின்று கத்தினாள்:

"மொத வருஷமும் மூணு, கடைசி வருஷமும் மூணாம் வாஸ்! ஒண்ணும் குறையலையாம்! 'அவர் ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தாங்க'ன்னு சொல்றான், நேத்து மொளச்சவன்! நான் கட்டிக்கிட்ட ஆளு எப்படி இருந்தான்னு இவன் எனக்குச் சொல்றான்!"

"ரஸ்ஸுக்குத் தெரியுமே. அவன் சொன்னாப் போதுமே."

"அவங்கிட்டதான் போறேன். நீயும் வா."

ரஸ் இப்போது அதே சங்கத்தில் பயிற்சியாளன். புதிய பிள்ளைகளைச் சோதனைக்கு வரிசையில் உட்கார வைப்பவனும் அவனே. தேநீர் ஊற்றிக் கொடுத்தான், பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தான், எங்கள் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"நான் வாயத் தொறந்தா அது டீனோட நிக்காது, கண்ணு. இப்ப ஆடுற பசங்க எல்லாரையும் மறுபடி கேப்பாங்க. பாதி டீம் வீட்டுல உக்காரணும்."

"அப்போ இப்பவும் மூணுதான் சொல்றாங்களா?" என்றாள் ஜானீன்.

ரஸ் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினான். அது உடைந்து உள்ளே விழுந்தது.

"எவன் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. வரும்போதே தெரிஞ்சுக்கிட்டு வர்றானுங்க."

"ஒங்கூடப் பதினாறு வருஷம் தோளோட தோளா நின்னானே ரஸ். அவன் பொறவி மக்கா? நீ சொல்லு. அவன் மக்கா?"

"இல்ல," என்றான் ரஸ். "எங்க எல்லாரையும்விட அவந்தான் சூட்டிகை."

"இத என் கிச்சன்லயோ ஒன் கிச்சன்லயோ சொல்லாத. வியாழக்கிழம சங்கத்து ரசிகர் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லு."

5

முடிவுகள்.

அ) வியாழக்கிழமை ரசிகர்கள் கூட்டத்தில் ரஸ் எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறான். தலைவர் தலைகுனிகிறார். [எழுதினேன், அழுதேன், அடித்துவிட்டேன். வியாழக்கிழமை இன்னும் வரவில்லை. வராத துணிச்சலை ரஸ்ஸுக்கு நான் இலவசமாகக் கொடுக்க முடியாது.]

ஆ) டீன் ஒரு நாள் பப்பில் சட்டென்று கணக்குச் சொல்கிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள். [பத்திரிகைக்கு இது பிடிக்கும். எனக்கு வாந்தி வருகிறது.]

இ) இது முடிவு இல்லை, போன செவ்வாய்க்கிழமை நடந்தது. ஆஸ்பத்திரியில் நினைவாற்றல் பிரிவு. ஜானீனுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். டாக்டரம்மா பொறுமையானவர். ஐந்து சொற்களைச் சொன்னார், கொஞ்சநேரம் வேறு பேசினார், பிறகு திருப்பிக் கேட்டார்.

டீன் யோசித்தான். அந்தப் பெரிய கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான்.

"வரல," என்றான்.

"ஒண்ணாவது?"

"ஒண்ணும் வரல, டாக்டர்."

டாக்டரம்மா எழுதக் குனிந்தார். அந்த நேரத்தில் டீன் ஜானீன் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். அப்புறம் என் பக்கமும். முகமெல்லாம் சிரிப்பு. ஜானீனின் காதருகே சாய்ந்து சொன்னான்:

"கவலப்படாத. வேணும்னேதான். ஞாயித்துக்கிழம ஆடணும்ல?"

ஜானீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாண்டா கண்ணு, ஆடலாம்," என்றாள். நான் வெளியே போய் நடைபாதையில் நின்று, வாய்விட்டுத் திட்டினேன், தமிழில். யாருக்கும் புரியவில்லை என்பதால் யாரும் தடுக்கவும் இல்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஜானீன் கேள்வி கேட்பாள். ரஸ் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்வான், எப்போதும் அங்கேதான். அவன் எழுந்தான் என்றோ எழவில்லை என்றோ நான் எழுதப் போவதில்லை. அது அவன் செய்ய வேண்டிய வேலை. செய்யாமல் விட்டால் இந்தக் கதையோடு நான் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன்.

உங்கள் வேலை பாக்கி இருக்கிறது. அந்த ஐந்து சொற்கள். மேலே பார்க்காமல் சொல்லுங்கள்.

ஐந்தும் வந்ததா? சந்தோஷம். இப்போது மூன்றை மட்டும் வெளியே சொல்லுங்கள். மற்ற இரண்டையும் நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் உங்களை மக்கு என்று குறித்துக்கொள்ளட்டும்.

டீனுக்கும் ஐந்தும் தெரிந்திருந்தது.