வான்னு கேக்கணும்

திருச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு முந்நூறு கிலோமீட்டர். சனிக்கிழமை விடியக் கிளம்பி நானே காரை ஓட்டி வந்தேன். மதுரையில் ஜெசி ஏறிக்கொண்டாள். ஏறியதிலிருந்து அவளுக்கு ஒரே பாட்டுதான்: "முத்துராணி, அங்கன போய்க் கோவப்பட மாட்டேன்னு சொல்லு." கயத்தாறு தாண்டியும் நான் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருடம் முன்பு பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி படித்தபோது நான், ஜெசி, இசக்கித்தாய் மூவரும் விடுதியில் ஒரே அறை. இசக்கித்தாய்க்கு இப்போது கர்ப்பப்பையை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. பார்க்க வருகிறோம் என்றதும் அவள் வீட்டுக்காரர் ஐயம்பெருமாள் ஜெசிக்கு மட்டும் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். புருஷனை அத்துக்கொண்டு வந்தவள் அந்த நேரத்தில் வீட்டில் கால் வைக்க வேண்டாமாம்.

ஆமாம், ஆறு வருடத்துக்கு முன் விவாகரத்து வாங்கினேன். அடிக்கிற கைக்குச் சோறு போட மாட்டேன் என்று வந்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டியவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, எல்லாக் கல்யாண வீட்டிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி என்று கை தானாக வண்டியைத் திருப்பியது. பெருமாள்புரத்தில் அவள் வீட்டு முன்னால் நிறுத்தினேன். ஐயம்பெருமாள் வெளியே வந்தார்.

"ஜெசி, நீ வாம்மா," என்றார்.

ஒருமையில் அழைத்தார். 'வாங்க' என்றால் பன்மையாகி நானும் நுழைந்துவிடுவேனே. மனுஷன் இலக்கணம் தெரிந்தவர்.

எங்கள் பக்கம், வான்னு கேட்காத வீட்டில் படியேற மாட்டார்கள். எனக்கும் அந்த ரோஷம் உண்டு. தயங்கி நின்ற ஜெசியை, "நீயாவது போய்ப் பாரு," என்று அனுப்பிவிட்டுக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அவர் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய செடிக்கே மறுபடியும் ஊற்றினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

உள்ளேயிருந்து, "முத்துராணி எங்கட்டி?" என்று இசக்கித்தாய் கேட்பது காதில் விழுந்தது. விடுதியையே எழுப்பிவிடும் குரல் அவளுக்கு. அது நூலாக மெலிந்திருந்தது. இந்த ஆள் முன்னால் அழக்கூடாது, கிளம்பிவிடலாம் என்று சத்தியமாகவே முடிவு செய்தேன்.

"சரி அண்ணாச்சி, அப்ப நான் வாரேன்."

தொல்லை விட்டது என்ற நிம்மதியில், விடைபெறுகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய அவர் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது.

"வாங்க, வாங்க."

கம்பிக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறிவிட்டேன்.

"ஏம்மா, நான் போறதுக்குல்லா சொன்னேன்," என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

"போங்கன்னா சொன்னிய? வாங்கன்னுதான சொன்னிய. அதும் ரெண்டு தரம்."

கட்டிலில் கிடந்த இசக்கித்தாய் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதட்டி, தையல் வலிக்கி. திருநெல்வேலிக்காரருக்கே அல்வா குடுத்துட்டியே," என்றாள். என் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் இருவரும் அழுதோம்.

ஐயம்பெருமாள் வாசற்படியில் நின்று, "பாத்தாச்சுல்லா. நாளைக்கு அவிய வாரதுக்குள்ள..." என்று ஆரம்பித்தார்.

"இவ போக மாட்டா," என்றாள் இசக்கித்தாய். "மூணு வாரமாப் படுத்துக் கெடக்கேன். உங்க ஆளுங்கள்ல ஒருத்தி எட்டிப் பாக்கல. நாளைக்கு எனக்குச் சேலை கட்டிவிட ஆள் வேணும். இவதான் கட்டிவிடுவா. இவ இருக்கதால நிக்கிற கல்யாணம்னா நின்னுட்டுப் போகுது."

"உன் மக வாழ்க்கைட்டி," என்றார் அவர்.

"எம் மவளுக்கும் நாளைக்கு அடி விழுந்தா வீட்டுக்கு வரணும்லா. அப்ப வெயில்ல நிப்பாட்டுவியளா?"

அவர் வாசற்படியை விட்டு விலகி நின்றார். நான் காருக்குப் போய் என் பையையும் ஜெசியின் பையையும் எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவளுக்குச் சேலை கட்டிவிட்டேன். கொசுவம் தையலில் படாமல் மேலே தூக்கிச் சொருகினேன். என் தோளைப் பிடித்துப் பைய நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா என் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு, "இவிய யாரு?" என்று கேட்டார். ஐயம்பெருமாள் கூரையைப் பார்த்தார்.

"என் சிநேகிதி முத்துராணி," என்றாள் இசக்கித்தாய். "புருஷன் அடிச்சான், அத்துக்கிட்டு வந்துட்டா. தனியா இருக்கா. என்னையப் பாக்க முந்நூறு கிலோமீட்டர் காரோட்டி வந்திருக்கா. காப்பி எடுத்துக்கிடுங்க, ஆறிரும்."

அந்த அம்மாள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து காப்பியை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினார்.