அளவை மட்டும் பார்த்தவர்

ஸ்கேன் எடுப்பவருக்கு ஆஸ்பத்திரியில் ஊமைக்கோட்டான் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்லமாட்டார்கள், அவருக்கும் தெரியாமல் இல்லை. படுத்திருப்பவர் எவ்வளவு கெஞ்சினாலும் படத்தில் என்ன தெரிகிறது என்று அவர் வாயைத் திறந்ததில்லை. படம் எடுப்பது அவர் வேலை. பார்த்துச் சொல்ல மாடியில் டாக்டரம்மா இருக்கிறார். இத்தனை வருஷம் கட்டிக்காத்த வாயை மனுஷன் ஒரே ஒரு தடவைதான் திறந்தார். அதுவும் சொந்த வீட்டில்.

அன்று படுத்திருந்தவன் மனைவியின் தம்பி. ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டதால் வீட்டில் அவன் நெட்டையன். விதைப்பையில் கட்டி வந்து, அதை எடுத்த பிறகும் வயிற்றின் பின்பக்கம் பரவி, மாதக்கணக்கில் மருந்து ஏற்றி, புருவம்கூடக் கொட்டிப்போய், இப்போதுதான் ரத்தப் பரிசோதனை சுத்தம் என்று வந்திருந்தது. மருந்து முடிந்ததும் எடுத்துப் பார்க்க வேண்டிய ஸ்கேன் இது.

"சும்மா பேருக்குத்தானே மாமா?" என்று சிரித்துக்கொண்டே படுத்தான்.

"மூச்சைப் பிடி, மாப்ளே" என்றார் இவர்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். முதுகெலும்புக்கு முன்னால் எலுமிச்சை அளவில் இருந்த கட்டி ஆரஞ்சு அளவுக்கு ஆகியிருந்தது. மறுபடி அளந்தார். மாறவில்லை. நெட்டையன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போகும்வரை வேறு வேலை பார்ப்பதுபோல் குனிந்தே இருந்தார்.

வீட்டில் அந்த நடிப்பெல்லாம் செல்லுபடியாகவில்லை. மனைவி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"என் தம்பிங்க அவன். ஊரான் வீட்டுப் பிள்ளை இல்ல. சொல்லுங்க."

மென்று முழுங்கிப் பார்த்தார். முடியவில்லை. "வளந்திருக்கு. மருந்து கேக்கல போலிருக்கு" என்று சொல்லிவிட்டார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தம்பி போனில் கூப்பிட்டான். எடுத்ததும் அவள் அழுதாள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் டாக்டரம்மா அவரை மாடிக்குக் கூப்பிட்டார். பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன.

"வளர்ந்திருக்குன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

அவர் விழித்தார். டாக்டரம்மா திரையில் விரலை வைத்துக் காட்டினார். முன்பு கட்டி முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இறுகிக் கிடந்தது. இப்போது உள்ளே தண்ணீர்ப் பைகள், நடுநடுவே கொழுப்பு. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, கெட்டதெல்லாம் செத்துவிட்டது, மருந்துக்கு அசையாத சாதுவான திசு மட்டும் மிஞ்சி அதுபாட்டுக்கு வளர்கிறது என்றார். அபூர்வம்தான், ஆனாலும் இந்த வகைக் கட்டியில் தெரிந்த சங்கதி. ரத்தம் சுத்தமாக இருப்பதும் அதோடு பொருந்துகிறது.

"இனிமே மருந்து வேண்டாம். வெட்டி எடுக்கணும், அதுவும் சீக்கிரம். விட்டா ரத்தக்குழாயை, சிறுநீர்க்குழாயை எல்லாம் அமுக்கிடும். பெரிய ஆபரேஷன். எடுத்துப் பரிசோதிச்சாத்தான் முழு உறுதி. அப்புறமும் வருஷக்கணக்கா ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கணும். ஆனா இது கைவிட்ட கேஸ் இல்ல. பையனை வரச்சொல்லுங்க."

பையன் போனை எடுக்கவில்லை. அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அவன் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு ஓடினார். நெட்டையன் ஜன்னல் கண்ணாடியில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

"நான் பாத்தது சரி மாப்ளே. புரிஞ்சுக்கிட்டதுதான் தப்பு" என்று ஆரம்பித்து டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார்.

நெட்டையன் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தான். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தவருக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ராத்திரியே அவகிட்ட சொல்லிட்டேன் மாமா. எனக்காகக் காத்திருக்க வேண்டாம், வேற இடம் பாத்துக்கோன்னு."

அவள் தையல் கடைக்காரி, நெட்டையன் கட்டிக்கொள்ள இருந்த பெண். மருந்து ஏறின நாளெல்லாம் வாந்தி எடுக்கும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள்.

"வா, போலாம். நானே சொல்றேன்" என்றார்.

தையல் கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்று, வேர்த்து விறுவிறுத்து, தப்பெல்லாம் தன்னுடையது என்று ஆதியோடந்தமாகச் சொன்னார். அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். சொல்லி முடித்ததும் மிஷினை நிறுத்தினாள். அவரைப் பார்க்கவில்லை.

"பாதிச் சேதி கேட்டவங்க எல்லாரும் உன்கூட இருந்து அழலாம். நான் மட்டும் கூடாது, இல்ல?" என்று நெட்டையனிடம் கேட்டாள்.

நெட்டையன் அவள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ஆபரேஷனுக்கு நான் வருவேன். நீ கண்ணு முழிக்கிறவரைக்கும் இருப்பேன். அதுக்கப்புறம் உன்கூட இருக்கறதா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.