பத்தாவது ஊசி வரை

ஜோதிமணி வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. காலை ஐந்தரைக்கு ஓசூர் பக்கத்து மத்திகிரியில் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் அரை டம்ளர் டீ, பத்தரை மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு டம்ளர் தண்ணீர். மதியம் இரண்டரைக்கு ஷிஃப்ட் முடியும் வரை அவ்வளவுதான். லைனில் நின்ற பெண்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தார்கள்.

கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனி அது. பதினாலு பெண்கள் வரிசையாக நிற்க, பெரிய பலகை ஒன்று அவர்கள் முன்னால் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருத்தியும் தன் பங்கு வயரைச் சொருக வேண்டும். ஒருத்தி இடத்தை விட்டு நகர்ந்தால் பலகை குறையோடு அடுத்தவளிடம் போய்விடும். பாத்ரூம் போக லைனுக்கு ஒரே ஒரு பாஸ். அது லைன் லீடர் கமலக்கண்ணனின் மேஜையில் இருக்கும். கேட்டால் கொடுப்பார். கொடுக்கும்போது சுவரில் உள்ள கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

முதல் தடவை சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது ஒன்றரை வருடத்துக்கு முன்னால். உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தாள். போகவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில் ஆண்கள் நின்றிருந்தார்கள். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, செல்போனில் ‘யூரின் எரிச்சல்’ என்று அடித்துக் கடைக்காரரிடம் காட்டினாள். அவர் ஒரு அட்டையிலிருந்து நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுத்தார். இரண்டு போட்டதுமே எரிச்சல் நின்றுவிட்டது. மிச்சம் இரண்டை அடுத்த தடவைக்கு என்று பத்திரப்படுத்தினாள்.

அடுத்த தடவையும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நான்காம் முறை பழைய மாத்திரை கேட்கவில்லை. கடைக்காரர், “இது கொஞ்சம் ஸ்ட்ராங்” என்று வேறொன்றைக் கொடுத்தார். அதையும் மூன்று போட்டுவிட்டு நிறுத்தினாள். கணவன் மோகன்குமாரிடம் இடுப்பு வலி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். இருவருக்கும் ஊர் அரவக்குறிச்சிப் பக்கம். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜனவரி மாதத்தில் ஒரு நாள், லைனில் நிற்கும்போதே பல் கிட்டியது. பக்கத்தில் நின்ற சுப்ரியா, “அக்கா, கை ஏன் இப்படி நடுங்குது?” என்றாள். சுப்ரியாவுக்கு இருபத்திரண்டு வயது, தேன்கனிக்கோட்டையிலிருந்து வருகிறவள். “குளுருதுடி” என்று சொல்லிவிட்டு ஜோதிமணி வயரைச் சொருகினாள். முதுகின் வலப்பக்கம், விலாவுக்குக் கீழே, யாரோ முழங்கையால் இடித்துக்கொண்டே இருப்பது போல வலித்தது. ஷிஃப்ட் முடிந்து வீட்டு வாசலுக்கு வந்ததும் வாந்தி எடுத்தாள். கன்னடம் கலந்து பேசும் வீட்டுக்கார அம்மா சாந்தம்மா ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

“யாக்கம்மா, ஏன் உடம்பு இப்படிக் கொதிக்குது? உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணு. இல்ல, நீ படு, நானே பண்றேன்.”

மோகன்குமார் வேலையிலிருந்து வந்து ஆட்டோ பிடித்து ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் பிரியதர்ஷினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முதுகின் வலப்பக்கத்தை மெல்லத் தட்டினார். ஜோதிமணி அலறிவிட்டாள்.

“யூரின் போகும்போது எரிச்சல் இருந்துச்சா?”

ஜோதிமணி கணவனைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

“இதுக்கு முன்னாடி?”

“நாலு வாட்டி வந்துருக்குங்க.”

“இடுப்பு வலின்னுதான புள்ள சொன்ன?” என்றான் மோகன்குமார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

“அதுக்கெல்லாம் என்ன மருந்து சாப்பிட்டீங்க?”

கைப்பையில் இருந்த அட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஒரே ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. வெட்டிய இடத்தில் மருந்தின் பெயர் பாதியோடு நின்றது. தேதி இல்லை. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை.

“கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. அட்மிட் ஆகணும். எந்த மருந்தாவது ஒத்துக்காம தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருக்கா? நாள் தள்ளிப் போயிருக்கா?”

இரண்டுக்கும் இல்லை என்றாள். ஊசி போடுவதற்கு முன்பே சிறுநீரும் ரத்தமும் எடுத்தார்கள். மோகன்குமார் பொறுமை இழந்து, “மொதல்ல ஊசியப் போட்டுருங்களேன், துடிக்கறா” என்றான்.

“போட்ட பிறகு எடுத்தா கிருமி சரியா வளராது. என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும்னு தெரியாமப் போயிடும். அஞ்சே நிமிஷம்” என்றார் டாக்டர். சொன்னபடியே ஐந்து நிமிடத்தில் ஊசி ஏறியது.

மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. சாயங்காலமானால் கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினாள். ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை என்று வந்தது. மூன்றாம் நாள் மதியம் டாக்டர் ஒரு தாளோடு வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். அதில் பதினொரு மருந்துகளின் பெயர் இருந்தது. எட்டுக்கு நேராகச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

“இந்த எட்டும் உங்களுக்குக் கேக்காது. நீங்க வாங்கிச் சாப்பிட்ட ரெண்டும் இதுல இருக்கலாம்.”

“எனக்கு அந்த மருந்தெல்லாம் பழகிப்போச்சுங்களா?”

“உங்களுக்கு இல்ல, கிருமிக்கு. ரெண்டு மாத்திரை போட்டா பலவீனமான கிருமி சாகும், எரிச்சல் நிக்கும். தப்பிச்சது உள்ளேயே இருந்து பெருகும். நாலு தடவை அப்படித் தப்பிக்க விட்டிருக்கோம். டாக்டர் பார்க்காம, டெஸ்ட் பண்ணாம, எதுக்கு எதுன்னு தெரியாம கொடுத்ததால வந்தது.”

ஜோதிமணி அந்த எட்டு வட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“மிச்சம் மூணுல ஒண்ணு ஊசி. தினமும் ஒண்ணு, பத்து நாள். நேரம் தவறக் கூடாது, ஒரு நாள்கூட விடக் கூடாது. நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது.”

“இதுவும் கேக்காமப் போச்சுன்னா?”

“அப்புறம் என் கையில இருக்கறது ரொம்பக் கொஞ்சம். அதனாலதான் இத ஒழுங்கா முடிக்கணும்னு சொல்றேன்.”

அந்தப் பதில் ஜோதிமணிக்குப் பயத்தைக் கொடுத்தது. கூடவே ஒரு தெளிவையும் கொடுத்தது. இனி எதையும் தன் இஷ்டத்துக்கு வெட்டிப் போடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள்.

புதிய ஊசியின் இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். அன்றே டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். மீதி ஐந்து ஊசிக்கும் தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும் என்றார். “இடையில ஞாயித்துக்கிழமை வருதுங்களே?” என்று ஜோதிமணியே கேட்டாள். அவசர சிகிச்சைப் பிரிவில் போடச் சொல்லி டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஆறாம் நாள் கமலக்கண்ணன் போன் செய்தார். “என்னம்மா, ஃபீவர் போச்சாமே? லைன்ல ஆள் பத்தல. நாளைக்கு வந்துடு. ஊசியத்தான் சாயங்காலம் போட்டுக்கலாமே.”

“ஒம்போது மணின்னா ஒம்போது மணிதானுங்க சார். இன்னும் நாலு இருக்கு. முடிச்சுட்டு வர்றேன்.”

“நல்லா பேசுறியே, உடம்புக்கு என்ன?”

“நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ஊசி முடியலைங்க.”

போனை வைத்ததும் மோகன்குமார் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அவரு சொல்றதும் ஒரு பக்கம் சரிதான் புள்ள. காய்ச்சல் விட்டுருச்சு, வலி இல்ல. உடம்புதான் தேறிருச்சே.”

“நாலு வாட்டியும் இப்படித்தானுங்க தேறுச்சு” என்றாள் ஜோதிமணி.

மறுநாள் காலை அவன் அரை நாள் லீவு போட்டு அவளோடு டவுன் பஸ்ஸில் வந்தான்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கையில் இருந்த ஊசிக் குழாயைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியிருந்தது. நர்ஸ் மாரம்மா அதைக் கழற்றிவிட்டு வேறு நரம்பு தேடினார். வலது கையில் இரண்டு இடத்தில் குத்தியும் கிடைக்கவில்லை. மாரம்மாவுக்கே முகம் வாடியது.

“நாளைக்குச் சேர்த்துப் போட்டுக்கலாமாக்கா?” என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் கேட்டாள்.

“அப்படிச் சேர்த்தெல்லாம் போடக் கூடாதும்மா” என்றார் மாரம்மா.

ஜோதிமணி இடது கையை நீட்டினாள். “இதுல பாருங்க சிஸ்டர். கெடைக்கற வரைக்கும் பாருங்க.” மூன்றாவது குத்தில் நரம்பு கிடைத்தது. அவள் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மருந்து ஏறத் தொடங்கியதும்தான் விட்டாள்.

பத்தாவது ஊசியும் முடிந்தது. ஒரு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தார். காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. “தண்ணி குடிங்க. அடக்கி வைக்காதீங்க. திரும்ப எரிஞ்சா கடைக்குப் போகாதீங்க, இங்க வாங்க” என்றார். அதை ஒரு சீட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஜோதிமணி ஒரு லிட்டர் பாட்டிலோடு லைனில் நின்றாள். ஏழரைக்கு முட்டியது. பாஸ் வேறொருத்தியிடம் போயிருந்தது. முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பாள். இப்போது பலகையின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். லைன் நின்றது. மற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, நேராகப் பாத்ரூமுக்கு நடந்தாள்.

திரும்பி வந்தபோது கமலக்கண்ணன் பலகைக்கு முன் நின்றிருந்தார். “நாலு நிமிஷம் லைன் ஸ்டாப். இதுக்கு யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேனுங்க சார். எங்க சொல்லணுமோ அங்க கூட்டிட்டுப் போங்க.”

ஹெச்.ஆர். அறையில் வெங்கடசாமி என்ற அதிகாரி இருந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. இரண்டு ஆண்கள் முன்னால் நின்றுகொண்டு, செல்போனில் எழுதிக் காட்டாமல், வாயாலேயே சொன்னாள் ஜோதிமணி.

“மூத்திரம் போகப் பயந்து மூணு வருஷமாத் தண்ணி குடிக்கல சார். அதுல கிருமி வந்துச்சு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு கடையில மாத்திரை வாங்கிப் போட்டேன். அது என்னோட தப்பு. எட்டு மருந்து எனக்கு இப்பக் கேக்காது.” டாக்டரின் சீட்டை மேஜையில் வைத்தாள். “சானமாவு காட்டுல யானை ரோட்டத் தாண்டுச்சுன்னா ராயக்கோட்டை பஸ் முக்கால் மணி நேரம் லேட்டா வருது. லைன் பொறுத்துக்குது. நாலு நிமிஷம் பொறுக்காதுங்களா?”

வெங்கடசாமி சீட்டை இரண்டு தடவை படித்தார். “நீங்க உக்காருங்கம்மா” என்றார்.

அன்றைக்கே எல்லாம் மாறிவிடவில்லை. மூன்று வாரம் இழுத்தது. ஜோதிமணி இரண்டு தடவை போய் நினைவூட்டினாள். மூன்றாம் தடவை ஆறு பெண்கள் அவளோடு வந்தார்கள். கடைசியில் இரண்டு லைனுக்கு ஒரு மாற்று ஆள் என்று போட்டார்கள். ஒருத்தி பாத்ரூம் போனால் அந்த ஆள் வந்து அவள் இடத்தில் நிற்பாள். லைனுக்கு ஒன்று கேட்டிருந்தார்கள், பாதிதான் கிடைத்தது. கமலக்கண்ணன் இன்னமும் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் பாஸ் என்ற அட்டை மேஜையிலிருந்து போய்விட்டது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் சுப்ரியா அவள் காதருகே வந்தாள்.

“அக்கா, எனக்கு ரெண்டு நாளா எரியுது. உங்களுக்குக் கொடுத்த மாத்திரை ஏதாச்சும் மிச்சம் இருக்கா?”

“மிச்சம் வைக்கல. இருந்தாலும் தரமாட்டேன். எனக்கு எழுதிக் கொடுத்தது உனக்கு எப்படி ஆகும்? காய்ச்சல் இருக்கா? முதுகு வலிக்குதா?”

“இல்லக்கா, எரிச்சல்தான். ஆஸ்பத்திரில எல்லார் முன்னாடியும் எப்படிக்கா சொல்றது?”

“நான் சொல்றேன். நீ கூட நில்லு.”

ஷிஃப்ட் முடிந்ததும் இருவரும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் பிரியதர்ஷினி சுப்ரியாவைப் பரிசோதித்து, சிறுநீர் எடுக்கச் சொல்லி, ஐந்து நாளுக்கு மாத்திரை எழுதினார். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அந்த மாத்திரைக்கே சாகிற கிருமிதான், மாற்ற வேண்டியதில்லை என்றார்.

மறுநாள் லைனில் சுப்ரியா உற்சாகமாக இருந்தாள். “எரிச்சல் சுத்தமா இல்லக்கா. நல்லாயிடுச்சு.”

“எத்தன நாள் ஆச்சு?”

“மூணு.”

“அப்ப இன்னும் ரெண்டு நாள் இருக்கு” என்றாள் ஜோதிமணி. பலகை நகர்ந்து வந்தது. இருவரும் வயரைக் கையில் எடுத்தார்கள்.