மஞ்சள் உறை போட்ட நாற்காலி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் அக்காவின் நாற்காலியை அரசாங்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தெருவில், ஒரு குழியின் ஓரத்தில் அவள் போட்டு வைத்திருந்த நாற்காலி. விஷயம் தெரிந்ததும் உட்கார்ந்து இப்படி ஆரம்பித்தேன்:

‘பொறுப்பு என்ற சொல்லுக்கு இந்த நாட்டில்

மேலே ஓடவில்லை. கட்டுரை வாடை அடித்தது. அடுத்த முயற்சி:

‘தெருவின் நடுவே ஒரு குழி வாயைப் பிளந்துகொண்டு

எல்லாக் குழியும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கிறது. இதையும் விட்டுவிட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2

அக்கா வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். அத்தான் பேக்கரியில் ரொட்டி பொட்டலம் கட்டுகிறார். அவருக்குப் பக்கப் பார்வை போய்விட்டது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நேரே இருப்பது மட்டும் தெரியும், காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. அப்படிப்பட்டவர் தினமும் நடந்து வரும் வழியில், வீட்டுக்கு நாலடி தள்ளி, யாரோ குழி தோண்டிவிட்டு மூடாமல் போனார்கள்.

யார்? குடிநீர்த் துறையைக் கேட்டால் கேபிள்காரர்களைக் கைகாட்டினார்கள். கேபிள்காரர்கள் சாலைத் துறையை. சாலைத் துறை மறுபடி குடிநீர்த் துறையை. அக்கா புகார் எண்ணுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனாள். கடைசியில் ஒரு பழைய நாற்காலிக்கு, கிழிந்த ரெயின்கோட்டை வெட்டி மஞ்சள் உறை தைத்து மாட்டி, குழி ஓரத்தில் வைத்தாள்.

மஞ்சள் அத்தானுக்குத் தெருமுனையிலிருந்தே தெரியும். ஒதுங்கி வந்து, நாற்காலியின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். டக், டக். உள்ளே அக்கா மெஷினை நிறுத்திவிட்டு டீ வைக்கப் போவாள்.

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: இதைக் காதல் என்று எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, “காதலாவது கத்திரிக்காயாவது, முன்னாடியே வச்சா டீ ஆறிடும்டா” என்றாள். எடுத்துவிட்டேன்.)

3

ஒரு மாலை டக் டக் கேட்கவில்லை. அக்கா வாசலுக்கு வந்தாள். குழி இருந்தது, நாற்காலி இல்லை. போனில் ஒரு செய்தி வந்திருந்தது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. சாலையிலிருந்த இடையூறு அகற்றப்பட்டது.’

அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிக் குழிக்குள் பார்த்தாள். அந்த நொடியைப் பற்றி மூன்று பத்தி எழுதினேன், மூன்றும் பொய்யாக இருந்தன. அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “உள்ள தண்ணிதான்டா கெடந்துச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

அத்தான் இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடை வாசலில் நின்று தன் சொந்தத் தெருவுக்கே வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நம்ம தெருன்னா மஞ்சளா ஒண்ணு தெரியணும்ல? தெரியல. சரி, தெரு மாறி வந்துட்டோம்போலன்னு திரும்பிட்டேன்.”

“ஏங்க, கட்டி வந்த நாள்லேர்ந்து இருக்கற தெரு, அதுகூடவா தெரியாது?” என்று அக்கா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் அதே தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வரை விடவில்லை. வழியெல்லாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்களாம்.

4

மறுநாள் என்னைத் துணைக்கு அழைத்தாள். “குழியைப் பத்திப் பேசப் போறதில்லடா. பேசி வாய் வலிச்சதுதான் மிச்சம். என் சேரைக் கேக்கப் போறேன்.”

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். தொப்பை வைத்தேன், நிமிராமல் போன் பார்க்க வைத்தேன். அக்கா படித்துவிட்டு, “யாருடா இவன்? நாம பாத்த ஆளு ஒல்லியா, இருமிட்டே இருந்தாரே” என்றாள். தொப்பையை எடுத்துவிட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அந்தச் செய்தியை அனுப்பிய அலுவலகத்தில், எங்கள் பகுதிக்கான பொறியாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தது அக்காவின் நாற்காலியில், மஞ்சள் உறைகூடக் கழற்றப்படவில்லை.

“சார், கொஞ்சம் எழுந்திரிங்க. இது என் சேர்.”

“ஆபீஸ் சேர்மா இது.”

“பின்னாடி கையை விட்டுப் பாருங்க. ரெயின்கோட் பாக்கெட்டு இருக்கும்.”

விட்டுப் பார்த்தார். கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

“எங்கேர்ந்து எடுத்தீங்க?”

பக்கத்து மேசைக்காரர் அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார். எங்கிருந்து என்று சொன்னால் குழியையும் சொல்ல வேண்டுமே. பொறியாளர் இருமினார். எழுந்து நின்றார்.

“குழி ஓரத்துலேர்ந்துதான்மா. அது எங்க குழிதான். நான்தான் தோண்டச் சொன்னேன். மூடணும் மூடணும்னு நினைப்பேன், அதுக்குள்ள வேற வேலை வந்துடும். சேரை மட்டும் எடுக்கச் சொன்னதும் நான்தான். தப்பு என் மேலதான்.”

5

பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார்: “கதை நல்லாத்தான் போகுது. ஆனா அதிகாரி ஒத்துக்கறாரு பாருங்க, அதான் நம்பற மாதிரி இல்ல. மாத்திடலாமா?”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் பேய்க்கதை எழுதினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ‘தப்பு என் மேல’ என்று ஒரு அதிகாரி சொன்னதாக எழுதினால் ஆதாரம் கேட்கிறார்கள். எனக்கே சந்தேகம் வந்து அக்காவைக் கேட்டேன்.

“சொன்னாருடா. சொல்லிட்டு அவரே ஒரு பெருமூச்சு விட்டாரே, பாக்கலயா நீ?”

அன்று காலையிலிருந்தே சண்டைக்குத் தயாராகிப் போனவள், அவர் சொன்னதைக் கேட்டதும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவர் கொடுத்த தண்ணீரை முழுசாகக் குடித்தாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. குழி மூடப்படவில்லைதான். அவருக்கு மேலே இருப்பவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனாலும் இத்தனை நாள் சுவரோடு பேசிக்கொண்டிருந்தோம், அன்று ஒரு மனிதர் பதில் சொன்னார்.

6

நாற்காலியை அவரே தூக்கி வந்து குழி ஓரத்தில் வைத்தார். “வியாழக்கிழமை மூடிடறோம்” என்றார்.

இன்று புதன்கிழமை. கதையை இன்றே கொடுத்தாக வேண்டும்.

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஆட்கள் வந்து மூடிவிடுகிறார்கள். அல்லது அவருக்கு மாற்றல் வந்து, புதிதாக வந்தவர் ‘எந்தக் குழி?’ என்கிறார். அல்லது வியாழக்கிழமை மூடியதை வெள்ளிக்கிழமை கேபிள்காரர்கள் வந்து

“எதையும் போடாத” என்கிறாள் அக்கா, மெஷினை மிதித்துக்கொண்டே. “மூடிட்டாங்கன்னு நீ எழுதி, அதை அவங்க படிச்சாங்கன்னு வை, அப்புறம் மூடவே மாட்டாங்க.”

அதனால் போடவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது வியாழக்கிழமை கடந்திருக்கும். உங்கள் தெருவிலும் இப்படிச் சில வியாழக்கிழமைகள் வந்து போயிருக்கும். அதை வைத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எந்த முடிவை எடுத்தாலும் சரி, குழி மூடியது நிச்சயமாகும் வரை நாற்காலியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நான் இதை அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. அக்கா ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருக்கிறாள், கண் துணியில் இருக்கிறது, காது வாசலில்.

டக், டக்.

மெஷின் நின்றது.