கண்ணாடிக்குள் ஒரு மரம்

மூன்றாம் மாடி உயரத்தில், கயிற்றுப் பலகையில் உட்கார்ந்து ரப்பர் வைப்பரை இழுத்துக்கொண்டிருந்த பளிச் அண்ணனின் தோளுக்குப் பக்கத்தில், கண்ணாடியில், ‘டப்’பென்று ஏதோ மோதியது. எவனோ கல்லை விட்டெறிகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி குனிந்து பார்த்தால், கீழே கல்லும் இல்லை, ஆளும் இல்லை. உள்ளங்கை அளவில், பச்சையாக, ஒரு குருவி கிடந்தது.

பளிச் என்பது ஆபீஸ்காரர்கள் வைத்த பெயர். அவர் துடைத்த இடத்தில் கண்ணாடி இருப்பதே தெரியாது. எதிரில் நிற்கும் பெரிய மரம் அதில் இலை இலையாகத் தெரிய வேண்டும். ஒரு இலை மங்கினாலும் மறுபடி சோப்பு, மறுபடி வைப்பர். முடித்ததும் கீழே இறங்கி, இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். மனுஷனுக்கு அதில் அத்தனை பெருமை.

அவர் இறங்கி வருவதற்குள் வாசல் கூட்டும் அக்கா குருவியை முறத்தில் அள்ளியிருந்தாள். சருகை அள்ளுகிற அதே கைப்பழக்கம். அதுதான் அவரை உறுத்தியது.

“என்னக்கா, பழகின மாதிரி அள்றீங்க?”

“தெனமும்தானே தம்பி. நீ தொடைச்ச மறுநாள் நாலு, அஞ்சு விழும். தூசி படியப் படியக் கொறைஞ்சிடும்.”

“இத்தனை நாளா ஏங்க்கா சொல்லல?”

அக்கா முறத்தையே பார்த்தாள். “நீ இடுப்புல கைய வச்சுக்கிட்டு அவ்ளோ ஆசையாப் பாத்துக்கிட்டு நிப்ப. எந்த வாயால சொல்றது?”

அன்றைக்கு முழுக்க அவருக்கு நாம்தானா, நம் கைதானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதோடு ஒரு கேள்வியும் குடைய ஆரம்பித்தது. இந்தக் குருவிகள் அப்படி எதைப் பார்த்துப் பறந்து வருகின்றன? ஐம்பத்திரண்டு வயதில், பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, மரத்தில் ஏறிவிட்டார். அக்கா கீழே நின்று சிரித்த சிரிப்பில் துடைப்பமே கைநழுவி விழுந்தது. கிளையில் குந்தி எதிரே பார்த்தவருக்குக் கட்டடத்தைக் காணோம். அது நிற்கவேண்டிய இடத்தில் இன்னொரு மரம், அதன் பின்னால் வானம், தாராளமாக, வா வா என்று கூப்பிட்டது. ‘அடப்பாவி, நானே போயிருப்பேனே!’ என்று வாய்விட்டுச் சொன்னார்.

அப்புறம் சோதனைதான். மேற்குக் கண்ணாடிச் சுவரில் பாதியைத் துடைத்தார், பாதியைத் தூசியோடு விட்டார். குருவி விழுந்த இடத்திலெல்லாம் அக்கா சாக்பீஸால் வட்டம் போட்டாள். ஐந்து நாளில் துடைத்த பக்கம் ஏழு வட்டம், தூசிப் பக்கம் ஒன்று. அதற்காக ஆபீஸை அழுக்காக விடமுடியுமா? அதற்கும் யோசித்தார்: நுழைய வழியில்லை என்று குருவிக்குத் தெரிந்தால் போதும். சோப்பைக் கூழாகக் குழைத்து, மேலிருந்து கீழே, மூன்று விரல் இடைவெளிக்கு ஒரு கோடாகச் சுவர் முழுக்க இழுத்தார். முடிக்க இரண்டு நாள் ஆனது. அதற்கப்புறம் நாலு நாளாக அக்காவின் சாக்பீஸுக்கு வேலையே இல்லை.

ஐந்தாம் நாள், வெளியூரிலிருந்து திரும்பிய மேனேஜர் எகிறினார். “என்னய்யா இது, ஆபீஸா ஜெயிலா?”

பளிச் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். “எங்க விழுது? ஒரு குருவிகூடக் காணோமே!”

“அதான் சார், கோடு போட்டிருக்கு இல்ல,” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரும்மா. நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரியவங்க வர்றாங்க. சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் போயிருக்கணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

மகளுக்குக் காலேஜில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. பளிச் அண்ணன் வாளியை எடுத்தார். தரைத்தளத்து முதல் கண்ணாடி. ஈரத்துணியால் கோடுகளை அழித்தார். வைப்பரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இருபது வருடப் பழக்கம், கை தானாகவே ஒழுங்காகச் செய்தது. கண்ணாடிக்குள் மரம் இலை இலையாக எழுந்து நின்றது.

“பாத்தீங்களா, எவ்ளோ அழகா இருக்கு!” என்றார் மேனேஜர், நிஜமாகவே சந்தோஷப்பட்டு.

பளிச் அண்ணன் துணியை வாளியில் முக்கிக்கொண்டே மரத்தைத் திரும்பிப் பார்த்தார். தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டு கிளம்பியது. நேராக, கொஞ்சமும் சந்தேகமில்லாமல், அந்தத் துடைத்த கண்ணாடியை நோக்கி வந்தது.

“ஏய்! ஏய்!” என்று அலறியபடி கையிலிருந்த துணியை அப்படியே விசிறி அடித்தார். துணி கண்ணாடியில் சப்பென்று அறைந்தது. குருவி ஒரு முழத் தூரத்தில் சட்டென்று எழும்பி, சுவரை உரசிக்கொண்டு கூரைக்கு மேலே போயிற்று.

மேனேஜரின் சட்டை முழுக்கச் சோப்புத் தண்ணீர். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கழுத்தை வளைத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முறத்தை மெல்லத் தரையில் வைத்தாள். துணி கண்ணாடியில் வழுக்கி வழுக்கி இறங்கியது. அது இறங்கிய வழியெல்லாம், மரத்தின் நடுவே, வெள்ளையாக ஒரு கோடு விழுந்துகொண்டே வந்தது.