கதோகுரா வீட்டுக்குள் எழும்பிய சுவர்

கதோகுரா ஷிகெமிச்சியின் வீட்டுக் கூடத்தில் சுவர் முளைத்தது நவம்பர் மாதத்தில், பனி நண்டு சந்தைக்கு வந்த வாரம். அந்த வருடம் நண்டு மலிவு. முதல் நாள் சுவர் விரல் உயரம்தான் இருந்தது. தரையில் விரித்த பாய் உப்பிக்கொண்டது என்று நினைத்து அவன் மனைவி தொமோயே அதன் மேல் அரிசி மூட்டையை வைத்து அழுத்திப் பார்த்தாள். காலையில் மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது, சுவர் முழங்காலைத் தொட்டது. நன்றாகப் பூசி, காய்ந்து, வெளிர் பச்சை நிறத்தில் இருந்தது. கொத்தனார் யாரும் வந்து போகவில்லை என்பதை அக்கம்பக்கத்தார் அனைவரும் உறுதியாகச் சொன்னார்கள்.

எங்கள் கடலோர ஊரான நமெரிகாவாவில் சுவர் என்ற சொல் புதிதல்ல. மனைவி பகுதிநேர வேலைக்குப் போய் வருடத்தில் இவ்வளவுக்கு மேல் சம்பாதித்தால் வரி வரும், கணவனுக்குக் கிடைக்கும் வரிச் சலுகையும் குறையும் என்பதால், அந்த வரம்பை நாடு முழுக்கச் சுவர் என்றே சொல்கிறோம். டிசம்பர் பிறந்தால் கமபோக்கோ என்ற மீன் பண்டம் செய்யும் எங்கள் ஆலையில் மீன் அரைக்கும் பெண்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். சுவரை ஒட்டி வந்துவிட்டேன், இனி ஜனவரியில்தான் என்று சொல்லிவிட்டு வீட்டில் முள்ளங்கி ஊறுகாய் போடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் யாருமில்லை. மொத்தச் சம்பளத்துக்கும் புதிதாக வரி விழும் என்பார்கள் சிலர். கணவனின் வேலையே போய்விடும் என்று சொன்னவர்களும் உண்டு.

ஷிகெமிச்சி அலுமினிய ஜன்னல் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தான். சம்பளத்தை அப்படியே மனைவியிடம் கொடுத்துவிட்டு, கைச்செலவுக்கு அவள் தருவதை வாங்கிக்கொள்வான். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். முட்டை எந்தக் கடையில் எந்தக் கிழமை விலை இறங்கும் என்பதெல்லாம் தொமோயேக்கு அத்துப்படி. ஆகவே வரி விவகாரமும் அவளுக்குத் தெரியும் என்று அவன் நம்பினான். வருடக் கடைசியில் தொழிற்சாலை கொடுக்கும் வரிக் காகிதத்தில் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை குத்துவது அவன்தானே, அதனால் அவனுக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். அவன் அதைப் படித்ததே இல்லை. புகைக்கும் அறையில் மூத்தவர் ஒருவர் எங்கே குத்த வேண்டும் என்று விரலால் காட்டுவார், அங்கே குத்துவான். சுவரைத் தாண்டினால் நஷ்டம் என்று அவனுக்குச் சொன்னவரும் அவர்தான்.

தொமோயேயின் வேலை கல்யாணக் கமபோக்கோவுக்கு வண்ணம் பிழிவது. அரைத்த மீனைச் சிவப்புக் கடல்மீன் வடிவில் பிடித்து, செதிலும் கண்ணும் துடுப்பும் போட்டு, விருந்தினருக்குக் கொடுத்தனுப்பும் பண்டம் அது. அவள் பிழிந்த மீனை வெட்ட மனம் வராமல் இரண்டு நாள் வைத்திருந்து கெட்டுப்போக விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்த இலையுதிர் காலத்தில் ஆலை மேற்பார்வையாளர் மிசுஷிமா அவளைக் கூப்பிட்டு, வண்ணப் பிரிவுக்கே தலைவியாக, நிரந்தர வேலையில் சேரச் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சைக்கிளை விட்டு இறங்கி, கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள்.

"வேண்டாம்னு சொல்லிடு," என்றான் ஷிகெமிச்சி. "சுவரைத் தாண்டினா நஷ்டம் நமக்குத்தான்."

"எவ்வளவுங்க நஷ்டம்?"

அவன் சூப்புக் கிண்ணத்தை வாயிலிருந்து எடுக்கவில்லை. "நெறைய. உனக்குத் தெரியாததா?"

தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் வீட்டுக் கணக்கைக் கட்டிக் காத்தவள். "தெரியும்," என்றாள். மறுநாள் மிசுஷிமாவிடம் குனிந்து வணங்கி மறுத்துவிட்டாள். அந்த வேலை புதிதாகச் சேர்ந்த ஹொரியே என்ற பெண்ணுக்குப் போனது. சுவர் முளைத்தது அந்த வாரத்தில்தான்.

வருடப் பிறப்புக்குள் அது உத்தரத்தைத் தொட்டுவிட்டது. தொலைக்காட்சியும் கணப்பு மேசையும் ஷிகெமிச்சி பக்கம், அடுப்பும் குளியலறையும் தொமோயே பக்கம். சாப்பாட்டுக்கு அவன் முன்வாசல் வழியாக இறங்கி, தோட்டத்தைச் சுற்றி, சமையலறைக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பனி கொட்டும் நாட்களில் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு இரவு உணவுக்கு வந்தான். ஜனவரியில் சுவர் தானாக இறங்கிவிடும் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். இறங்கவில்லை.

வசந்தத்தில் இருவரும் சேர்ந்து போய் வரி அலுவலகத்தில் முறையிட்டார்கள். ஒரு அலுவலர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரை விரலால் தட்டிப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார். அதிசயப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இது எங்களுது இல்லீங்க," என்றார். "எங்க சுவர் முழங்கால் ஒசரம்தான் இருக்கும். தாண்டினா, தாண்டுன பணத்துக்கு மட்டும்தான் வரி, அதுவும் கொஞ்சம்தான். வீட்டுக்காரரோட சலுகையும் படிப்படியாத்தான் கொறையும். ஓய்வூதியச் சந்தா கட்டச் சொல்றவங்க சுவர்தான் நல்ல ஒசரம், ஆனா அது இன்னும் தள்ளி, உங்க சமையலறைப் பக்கம் வரும். நிரந்தர வேலைன்னா ரெண்டையும் தாண்டி நல்லாவே போயிருக்கலாம்."

ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வந்தவரும் அளந்து பார்த்துவிட்டு அவர்களுடையதும் இல்லை என்றார். தொழிற்சாலையில் கேட்டதற்கு, மனைவிக்காக அவர்கள் கொடுக்கும் படித்தொகை நின்றுபோனாலும் ஒரு பலகைத் தடுப்பு அளவுக்குத்தான் வரும் என்றார்கள். யாருடையதும் இல்லை என்று ஆனதால் இடிக்கச் சொல்லி உத்தரவு போடவும் ஆளில்லை.

வரி அலுவலர் போன பிறகு தொமோயே அவள் பக்கத்தில் நின்றாள், ஷிகெமிச்சி அவன் பக்கத்தில். சுவர் பேச்சை மறைக்கவில்லை.

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நானும் நெனச்சேன்."

அவள் அரிசி களையப் போனாள்.

தெரிந்துகொண்ட பிறகாவது தாண்டியிருக்கலாம் என்று ஊர் சொன்னது. மிசுஷிமா அடுத்த வருடமும் கூப்பிட்டார், தலைமைப் பதவி இல்லை, கூடுதல் நேரம்தான். தொமோயே வாயைத் திறந்தபோது, சுவர் இருக்கிறதே என்றுதான் வந்தது. அலுவலர் சொன்னதை அவள் மறந்துவிடவில்லை. அதே மாதிரி ஒவ்வொரு டிசம்பரிலும் வேலையை நிறுத்தி ஊறுகாய் போட்டாள். ஹொரியே பிழிந்த மீன்களின் கண்கள் சற்றுப் பெரிதாக இருந்தன. நாளடைவில் ஊருக்கு அதுவே பழகிவிட்டது. ஷிகெமிச்சி புகைக்கும் அறை மூத்தவரைத் தேடிப் போய், நஷ்டம் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டான். எனக்கும் யாரோ சொன்னதுதானப்பா என்று அவர் கையை விரித்தார். ஒருமுறை அவனே சம்மட்டி வாங்கி வந்து அடித்துப் பார்த்தான். தோள்பட்டை இறங்கியதுதான் மிச்சம். பிறகு வரிக் காகிதம் வரும்போதெல்லாம் முதலிலிருந்து கடைசி வரி வரை படித்தான். படித்ததை இரவுச் சாப்பாட்டின்போது தொமோயேயிடம் விளக்கினான், அவள் தலையாட்டிக் கேட்டாள். நியாயமான விளக்கம்தான். சுவருக்கு அதனால் ஒரு கீறல்கூட விழவில்லை.

அரசாங்கம் வரம்பை இரண்டு முறை மாற்றியது. ஷிகெமிச்சி ஓய்வு பெற்றான், தொமோயேயும் ஆலையை விட்டு நின்றாள். இனி வரம்பு இருவரையும் தொடாது என்ற நிலை வந்ததும் தச்சர் அரயாவை வரவழைத்தார்கள். அரயா ஏணி போட்டு உத்தரத்துக்குள் தலையை நுழைத்து வெகுநேரம் பார்த்தார். இறங்கி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூரை முழுக்க இதுமேலதான் உக்காந்திருக்கு. பனிப் பாரமெல்லாம் இத்தனை வருஷமா இதுதான் தாங்கியிருக்கு. எடுத்தா வீடு எறங்கிடும்."

தொமோயே சமையலறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். வந்தது வந்தீர்கள், என் பக்கம் ஒரு அலமாரியாவது அடித்துக் கொடுங்கள், சமையலறையில் பாத்திரம் வைக்க இடமில்லை என்றாள். ஆணி இறங்கும்போது பூச்சு உதிராமல் இருக்க அந்தப் பக்கம் யாராவது தாங்க வேண்டும் என்றார் அரயா. ஷிகெமிச்சி செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிப் போனான். கூடத்தில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்தான்.

"பிடிச்சிருக்கீங்களா?" என்று இந்தப் பக்கத்திலிருந்து தொமோயே கேட்டாள்.

"பிடிச்சிருக்கேன்."

அரயா அடிக்கத் தொடங்கினார். வேலை மதியத்துக்கு முன்பே முடிந்தது. அலமாரி நல்ல தேவதாருப் பலகை, பெரிய பானைகளையும் தாங்குகிறது.