கிர்ணிப் பனியும் ஒரு மூடி பிராந்தியும்

கஞ்சித் தெளிவும் இறங்காமல் போன பிறகு கமலவேணி ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றுதான். அதை அவள் ஏதோ ஒரு கதையில் படித்திருந்தாள். பனி கொட்டுகிற தேசத்தில் காய்ச்சலாகக் கிடக்கும் ஒரு சீமாட்டிக்குப் பழச்சாற்றைப் பனிபோல உறையவைத்து ஊட்டுவார்களாம். நாக்கில் பட்டதும் கரைந்து, விழுங்காமலே அது தொண்டைக்குள் போய்விடுமாம்.

“அந்த மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா?” என்று கேட்டாள். குரல் என்று ஒன்று அவளிடம் மிச்சமில்லை. வெறும் மூச்சுதான் சொல்லாக வந்தது.

ஆதிகேசவன் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்கிறவன். அவன் தறிக்குழியில் கால் வைத்து நெய்யும்போது கமலவேணி பக்கத்தில் ராட்டையோடு உட்கார்ந்து நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றுவாள். தார் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படிப்பாள். எல்லாம் வேற்று தேசத்துக் கதைகள், தமிழில் பெயர்த்தவை. அந்தப் பெயர்கள் ஒன்றும் ஆதிகேசவன் வாயில் நுழையாது. “அந்தத் தாடிக்காரன் இன்னா ஆனான்?” என்று கேட்பான். “எந்தத் தாடிக்காரன்? அதுல எல்லாருக்கும் தாடிதான்” என்பாள் அவள். இப்போது அவள் தொண்டையில் கட்டி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், சில்லென்று எதையாவது கொடுத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

முதல் தடவை அவன் தனக்குத் தோன்றியபடி செய்தான். பாலாற்று மணலில் விளைந்த கிர்ணிப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து மசித்துச் சர்க்கரை போட்டு, தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி, ஐஸும் கல்லுப்பும் நிரப்பிய வாளிக்குள் இறக்கி வைத்தான். உறைந்தது. ஆனால் பனியாக இல்லை, பாறையாக. கரண்டியால் குத்தி எடுத்த சில்லு அவள் தொண்டையைக் கீறிவிட்டது. துப்பியபோது சிவப்பாக இருந்தது. “பரவாயில்லை” என்று கையசைத்தாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் எதற்கும் வாய் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு மேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா வீட்டில் சமைக்கிறவள். அன்று சாயங்காலம் வந்தவள், வாளியில் கிடந்த பாறையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இன்னாண்ணா இது, அண்ணிக்கு ஊட்டறதா, வாசல்ல படிக்கட்டு கட்டறதா?”

“பனி மாதிரி வரணும்னா இன்னாம்மா பண்றது?”

“சுத்திக்கினே இருக்கணும். நடுநடுவுல தொறந்து கிண்டணும். அப்புறம்…” மேரி கமலவேணி கிடந்த அறையின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒரு மூடி பிராந்தி ஊத்தணும். சாராயம் கெட்டியா உறையாது. அது சேந்தாதான் மெதுமெதுன்னு நிக்கும். டாக்டரம்மா வூட்ல அப்டித்தான் பண்ணுவேன். அண்ணிக்குக் குடுக்கலாமான்னு அவங்களக் கேட்டுட்டேன். ஒரு மூடியில ஒண்ணும் ஆவாதுன்னாங்க.”

ஆதிகேசவன் இரண்டடி பின்னால் தள்ளிப் போனான்.

“தெரியும்ணா. இந்தத் தெருவுக்கே தெரியும். அதுக்குத்தான் நானே கொண்டாந்தேன். கிறிஸ்மஸ் கேக்குக்கு வாங்கினதுல மீதி.” முந்தானைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். “அண்ணிகிட்ட மட்டும் சொல்லாத. சொன்னா தொடமாட்டாங்க.”

தெருவுக்கே தெரிந்தது இதுதான். ஒரு காலத்தில் ஆதிகேசவன் குடித்தான். மதுவிலக்கு இருந்த நாட்களிலேயே செவிலிமேட்டுக்கு அப்பால் ஆற்றோரப் புதரில் சாராயம் காய்ச்சுகிறவர்களைத் தேடிப் போய்க் குடித்தான். கமலவேணியின் அப்பா செத்த அன்று, பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டிய மருமகன் தள்ளாடி விழுந்து பாடையையும் சாய்த்துவிட்டான். பிணம் மண்ணில் உருண்டது. கருமாதி முடிந்ததும் கமலவேணி அவன் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். “இனிமே நாக்குல பட்டா இந்தத் தல இருக்காதுன்னு சொல்லுங்க” என்றாள். சொன்னான். அப்படிச் செய்த சத்தியத்தை மீறினால் யார் தலைமேல் செய்ததோ அவர் உயிர் போகும். அதில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இப்போது அரசாங்கமே கடை திறந்துவிட்டது. அந்தக் கடை இருக்கிற வீதியைச் சுற்றிக்கொண்டுதான் அவன் பாவு நூல் வாங்கப் போய் வருவான்.

மறுநாள் வரதர் கோயில் தேர்த் திருவிழா. தறிகள் ஓயவே தெருவே காலியாகித் தேர் பார்க்கப் போய்விட்டது. மேரியும் வேலைக்குப் போயிருந்தாள். ஆதிகேசவன் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டான். கிர்ணியை நார் இல்லாமல் மெல்லிய துணியில் வடிகட்டினான். சர்க்கரைப் பாகை ஆறவைத்துச் சேர்த்தான். பாட்டிலைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தான். மூடியில் ஊற்றித் தூக்கில் கவிழ்த்தான். உப்புத் தண்ணீர் உள்ளே போகாதபடி தூக்கை மூடி, மேலே துணி போட்டுப் பட்டுக் கழிவு நூலால் இறுக்கிக் கட்டி, வாளிக்குள் வைத்துச் சுற்ற ஆரம்பித்தான்.

சுற்றுவது அவளுடைய கைவேலை. ராட்டை பழகிய அந்தக் கை இருந்தால் லாவகமாகச் சுற்றியிருக்கும். அவன் தறியில் அடிப்பதுபோல வெடுக்வெடுக்கென்று திருப்பினான். உப்புத் தண்ணீர் தளும்பித் தரை வழுக்கலாயிற்று. ஒரு திருப்பலில் வாளி சறுக்கிக் கவிழ்ந்தது. அது முட்டி பாட்டிலும் உருண்டு ஆட்டுக்கல்லில் மோதி உடைந்தது.

ஐஸ் கட்டிகள் அடுப்புச் சாம்பல் வரைக்கும் ஓடின. உப்புத் தண்ணீரும் பிராந்தியும் கிர்ணித் தோலும் ஒன்றாகக் கலந்து கதவிடுக்கை நோக்கி வழிந்தன. அவன் வேட்டி முழங்கால்வரை நனைந்துவிட்டது. அந்த வாடை எழுந்து அடுக்களையை நிறைத்து, கதவுக்கு வெளியேயும் போயிற்று.

அறையில் கிடக்கும் கமலவேணி ஏதாவது வேண்டுமென்றால் வளையலால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். சத்தம் கேட்டதும் தட்டினாள். இரண்டாம் தடவையும் தட்டினாள். பிறகு நின்றுவிட்டது. வாடை போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஆதிகேசவனுக்கு விளங்கியது.

தூக்கின் மூடி கழலவில்லை, உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. கட்டியிருந்த நூல்தான் அவிழ்ந்திருந்தது. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு முறத்தில் போட்டான். சாம்பல் படாத ஐஸை அள்ளி வாளியில் கொட்டி, உப்புப் பானையின் அடியில் கிடந்ததையெல்லாம் வழித்துப் போட்டான். திரும்பவும் துணியைப் போர்த்தி நூலைச் சுற்றினான். நூல் முனை பிரிந்து முடிச்சில் நிற்க மாட்டேன் என்றது.

இழை அறுந்தால் நெசவாளியின் கை நேரே வாய்க்குத்தான் போகும். இரண்டு விரலை நாக்கில் தொட்டு, நுனியைத் திரித்து ஒட்டவைத்துவிட்டு மேலே நெய்வான். எத்தனையோ வருஷமாக ஒரு நாளில் நூறு தடவை செய்கிற காரியம். ஆதிகேசவனின் கையும் போயிற்று. விரல்கள் நாக்கைத் தொட்டன. நூலைத் திரித்து முடிச்சும் போட்டுவிட்டான். அப்புறம்தான் நாக்கு எரிந்தது.

அவன் ஆட்டுக்கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். துப்பினான். வாயைக் கொப்பளித்தான். கொப்பளித்தால் சத்தியம் திரும்பிவிடுமா? அடுத்த அறையில் மூச்சு வருகிறதா என்று காது கொடுத்தான். தேர் இழுக்கிற கூட்டத்தின் இரைச்சல் வெகுதூரத்தில் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து ஓடி அறை வாசலில் நின்று பார்த்தான். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

திரும்பிவந்து தூக்கைச் சுற்றினான். இந்தத் தடவை மெதுவாக. நடுவில் திறந்து கிண்டி, மறுபடியும் கட்டிச் சுற்றினான். விரல்கள் மரத்துப் போயின. கடைசியில் திறந்தபோது அது மேரி சொன்னதுபோலவே இருந்தது. வெளிர் ஆரஞ்சு நிறத்தில், கரண்டி வைத்த இடத்தில் வழிவிட்டு, பொலபொலவென்று. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய் மண்டியிட்டான்.

“கமலா. நீ கேட்டது வந்துருச்சி. இந்தப் பக்கம் திரும்பு.”

அவள் திரும்பினாள். கண்கள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. நனைந்த வேட்டியைப் பார்த்தன.

“ஊதுங்க” என்றாள்.

பழைய நாட்களில் அவன் வீட்டுக்குள் நுழையும்போது நிலைப்படியிலேயே நிறுத்தி அவள் சொல்கிற வார்த்தை. அவன் குனிந்து அவள் மூக்கருகே வாயைத் திறந்து ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

“இருக்குது.”

“குடிக்கல கமலா. பாட்டில் ஒடஞ்சி கையெல்லாம் ஆயிருச்சி. நூலு நிக்கல. வெரலு தானா வாய்க்குப் போயிருச்சி.” அவன் இரண்டு விரலை நாக்கில் தொடுவதுபோலக் காட்டிவிட்டு, பயந்து கையை இழுத்துக்கொண்டான். “உன் தல மேல வச்ச சத்தியம். நாக்குல பட்டுருச்சி. நான் உன்ன…”

கமலவேணி அவன் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையின் பழக்கம் அவளைவிட யாருக்குத் தெரியும்?

“நோவு போன தீவாளிக்கே வந்துருச்சி” என்றாள், ஒவ்வொரு சொல்லாக. “நீங்க நக்கினது இன்னைக்கி.”

“இருந்தாலும்…”

“பாட்டிலு எதுக்கு வந்தது?”

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். “இதுல ஒரு மூடி ஊத்தியிருக்குது. மேரி சொன்னா. இல்லன்னா கல்லாயிடும், உனக்குக் கீறும்னு.”

“எனக்குத் தெரியாம ஊட்டலாம்னு பாத்தீங்களா?”

“ஆமா.”

அதைக் கேட்டபோதுதான் அவள் முகம் கலங்கிற்று. குடித்தான் என்று நினைத்தபோது இறுகிக் கிடந்த முகம். “சொல்லியிருந்தா தின்னிருப்பேன்” என்றாள். “உங்களுக்குத்தான் சத்தியம். எனக்கு இன்னா?” வாயை லேசாகத் திறந்தாள்.

அவன் கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து அவள் நாக்கில் வைத்தான். பாதி மோவாயில் வழிந்தது. அவள் கண்கள் மூடின. தொண்டையில் ஒரு சிறு அசைவு ஓடி அடங்கிற்று. இருமவில்லை. இரண்டாவது கரண்டியும் போயிற்று. மூன்றாவது வைத்தபோது அவள் உதட்டைச் சுளித்தாள்.

“இந்தக் கசப்புக்கா எங்க அப்பன உருட்டிவுட்டீங்க?”

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அவள் கை போர்வையை விட்டு வெளியே வந்து அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

“நான் போனப்புறம் அந்தச் சத்தியம் எந்தத் தல மேல நிக்கும்?”

இத்தனை நாளும் அவள் இதைத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தறி வீட்டில் தனியாக அவன் இருக்கப்போகிற நாட்களை, அந்தக் கடையிருக்கும் வீதியை.

“உங்க தல மேல வச்சிக்குங்க.”

“என் தலைக்கு இன்னாடி மதிப்பு?”

“எனக்கு இருக்குது. வைங்க.”

அவன் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஐஸில் மரத்து வெளுத்திருந்த கையை எடுத்துத் தன் உச்சியில் வைத்தான். உப்புத் தண்ணீர் நெற்றியில் வழிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அவள் இந்தத் தடவை சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகவே சொன்னான். மெதுவாகச் சொன்னதால் முழுவதும் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

“கரையுது பாருங்க” என்றாள் அவள். வாயைத் திறந்து காத்திருந்தாள்.